அன்றைக்கு இருந்தபடி எழுதவும்

மூன்று வருடம் நான் ஒரு கம்ப்யூட்டருக்கு வேலை செய்தேன். அதை ஒருநாளும் கண்டதில்லை. அது கொழும்பில், எங்கள் திணைக்களத்தின் தலைமைக் கந்தோரில், ஜன்னல் இல்லாத குளிர் அறை ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் இருந்தது திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றின் கடைசி அறையில். என் அறைக்கு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகத் தெரிந்த கடலையும் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களையும் பார்த்த அளவுக்கு அந்த மூன்று வருடத்தில் நான் மனித முகங்களைப் பார்த்திருக்க மாட்டேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மாவட்டத்தில் நெல் விதைக்கிற ஒவ்வொரு குடும்பத்தின் விபரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதென்று திணைக்களம் முடிவு செய்திருந்தது. உத்தியோகத்தர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் படிவம் நிரப்புவார்கள். குடும்பத் தலைவரின் பெயர், வயது, வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர், சொந்தக் காணியா அரசாங்கம் தந்த பெர்மிட் காணியா, குளத்துத் தண்ணீரா மழைத் தண்ணீரா, எத்தனை எருமை. அந்தப் படிவங்கள் என் மேசைக்கு வரும். பெயரை ஆங்கிலத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாகவும், மற்றப் பதில்களை இலக்கங்களாகவும் மாற்றி நீளத் தாள்களில் எழுதுவது என் வேலை. சொந்தக் காணி ஒன்று, பெர்மிட் காணி இரண்டு, குளம் ஒன்று, மழை இரண்டு. எழுதிய தாள்களும் மூலப் படிவங்களும் சாக்குகளில் கட்டப்பட்டு ரயிலில் கொழும்புக்குப் போகும். அங்கே தாளைப் பார்த்து அட்டைகளில் துளை போடுவார்கள், துளைகளை வாசித்துக் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிந்து வைத்துக்கொள்ளும் என்று சுற்றறிக்கையில் இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, உவர்மலையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா போய் இரண்டு வருடம். ஒரே தம்பி லண்டனில் படித்துக்கொண்டிருந்தான். கந்தோரில் மற்றக் கிளாக்குமார் எல்லாரும் பெரிய மண்டபத்தில் ஒன்றாக இருந்து கதைத்துச் சிரித்து வேலை செய்வார்கள். தாள்கள் பறக்கக் கூடாது, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது என்பதால் எனக்குத் தனி அறை தந்திருந்தார்கள். காலையில் கையெழுத்து வைக்கும்போது 'குட் மோர்னிங்' சொன்னால், பிறகு பின்னேரம் கதவைப் பூட்டும் வரை வாய் திறக்கத் தேவையில்லாத நாட்கள் பல. வீட்டுக்காரம்மாவும் குறைவாகக் கதைக்கிறவ. பகல் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டுக் கடையில் பாண் கேட்கும்போது என் குரல் கரகரத்து வரும். கடைக்காரர் "சளித் தடிமனோ மிஸ்?" என்று கேட்பார். "ஓம்" என்று சொல்லிவிடுவேன்.

சுற்றறிக்கைப்படி தாளுக்கு ஒரே பிரதி போதும். நான் கார்பன் வைத்து இரண்டாக எழுதினேன். அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. உத்தியோகத்துக்கு விண்ணப்பித்த காலத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போனேன். நான் பிறந்த வருடத்துப் பதிவுப் புத்தகத்தைக் கறையான் தின்று முடித்திருந்தது. வேறு பிரதியும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு டொக்டர் என் பல்லையும் முகத்தையும் பார்த்து 'உத்தேச வயது' என்று ஒரு பத்திரம் எழுதித் தந்தார். அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் உத்தேசமாகத்தான் பிறந்தவள். அந்த நாளிலிருந்து ஒரே பிரதியில் எதுவும் இருப்பதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஒரு பதற்றம்.

கிளாக்குமாருக்கு மேலான பிரதம இலிகிதர் ஒருநாள் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார்.

"கம்ப்யூட்டர் மறக்காதெண்டு அவங்களே எழுதியிருக்கிறாங்கள். பிறகேன் பிள்ளை உதெல்லாத்தையும் அடுக்கி வைக்கிறியள்?"

"அலுமாரி சும்மாதானே ஐயா கிடக்குது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த அறைக்குள் அவர் வந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

குறிஞ்சாக்கேணிப் படிவங்கள் வந்த கிழமை தம்பியின் கடிதமும் வந்தது. நீல வான்கடிதம். கந்தோர் விலாசத்துக்குத்தான் எழுதுவான். மத்தியானம் சாப்பிட்ட பின் பிரித்தேன். அங்கே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டதாகவும், படிப்பு முடிந்தாலும் ஊருக்கு வருகிற எண்ணம் இல்லையென்றும் எழுதியிருந்தான். "அக்கா, நீங்கள் கோபிக்கமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்." கோபம் வரவில்லை என்பது உண்மை. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். தாள்களைக் கார்பனோடு அடுக்கிக்கொண்டு எழுதத் தொடங்கினேன். பின்னேரம் வரையிலும், அடுத்த நாள் முழுவதும், குறிஞ்சாக்கேணி முடியும் வரை நிமிராமல் எழுதினேன். முதல் பிரதிகளைச் சாக்கில் போட்டேன். இரண்டாம் பிரதிகளைக் கட்டி, மேலே கிராமத்தின் பெயரை எழுதி அலுமாரியில் வைத்தேன். அந்த நாட்களில் என் கை செய்த வேலையை என் கண் பார்க்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஒரு காலையில் பிரதம இலிகிதர் அரைவாசி ஓட்டமாக வந்து, "பிள்ளை, கொழும்பிலயிருந்து ட்ரங்க் கோல். உங்களைத்தான் கேக்கினம்" என்றார்.

தொலைபேசியில் ஓர் ஆணின் குரல். கம்ப்யூட்டர்ப் பகுதியில் வேலை செய்கிற தமிழ் உத்தியோகத்தர். அவரையும் நான் பிறகு ஒருநாளும் நேரில் காணவில்லை.

"மிஸ், ஒரு பிழை நடந்திட்டுது. குளிர் மெசின் பழுதாகி நாலைஞ்சு நாள் அறை வெக்கையாக் கிடந்தது. திருகோணமலை நாடாவை இப்ப வாசிக்க ஏலாமல் இருக்கு."

"இன்னொரு நாடா எடுத்து வைக்கேல்லையோ?"

"எடுத்தது. அதுவும் அதே அறையில, அதே ராக்கையிலதான் இருந்தது."

"துளை போட்ட அட்டைகள்?"

"இடமில்லையெண்டு போன மாசம்தான் பழைய கடதாசிக்குக் குடுத்தவங்கள். நீங்கள் அனுப்பின தாள், படிவம் எல்லாம் அதோட போயிட்டுது."

லைனில் இரைச்சல் கேட்டது. அவர் குரல் சுருங்கிப் போயிருந்தது. எனக்குத் தெரியாத ஒரு மனிதனுக்காக நான் பரிதாபப்பட்டேன்.

"மிஸ், உங்களிட்ட ஏதாவது..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"இருக்கு" என்றேன். "எல்லாத்துக்கும் ரெண்டாம் பிரதி வைச்சிருக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க என் அறைக்கு ஆட்கள் வந்தார்கள். பெரிய மண்டபத்துக் கிளாக்குமார் வந்து அலுமாரியைப் பார்த்தார்கள். பிரதம இலிகிதர் தானே தேத்தண்ணி கொண்டுவரச் செய்தார். யாரோ ஒருவர் என் கதிரை ஆடுவதைக் கண்டு வேறு கதிரை மாற்றித் தந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அது முடிந்துவிடக் கூடாதென்றும் இருந்தது. அடுத்த கிழமை ஒருவரும் வரவில்லை.

என்னிடம் இப்போது இருந்தது ஒரே பிரதி. அதைச் சாக்கில் போட்டு ரயிலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி எழுதி, எழுதியதைத்தான் அனுப்புவேன் என்று சொன்னேன். கொழும்பில் சம்மதித்தார்கள். அதனால் மாவட்டம் முழுவதையும், ஒவ்வொரு வீட்டையும், இரண்டாவது தடவையாக என் கையால் எழுதினேன். நிலாவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம், மூதூர். முதல் தடவை எழுதியபோது வெறும் இலக்கமாகப் போன குடும்பங்கள் இப்போது தெரிந்தவர்கள்போல வந்தார்கள். இவருக்குத்தானே ஒன்பது பிள்ளைகள், இவர்தானே அறுபது வயதில் தனியாக ஒரு ஏக்கர் விதைக்கிறவர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுதுவேன். தனியாள் வீடு வரும்போது மட்டும் பேனை கொஞ்சம் தயங்கும்.

நாலாவது மாதம் குறிஞ்சாக்கேணிக் கட்டை அவிழ்த்தேன். உள்ளே இருந்தவை வெள்ளைத் தாள்கள்.

முதலில் கட்டு மாறிவிட்டதென்று நினைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் எழுத்தில்லை. பிறகுதான் விளங்கியது. தம்பியின் கடிதம் வந்த அந்த இரண்டு நாளும் நான் கார்பனைத் தலைகீழாக வைத்திருக்கிறேன். எழுத்து கீழே உள்ள தாளில் விழாமல் மேலே உள்ள தாளின் முதுகில் விழுந்திருக்கிறது. அந்தத் தாள்கள் கொழும்புக்குப் போய், பழைய கடதாசியாகவும் போய்விட்டன. முப்பத்தெட்டு வீடுகள். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். தம்பிக்காக அன்றைக்கு அழாததும் அதற்குள் இருந்திருக்க வேண்டும்.

அழுது முடித்துத் தாளொன்றை எடுத்து ஜன்னலருகே சரித்துப் பிடித்தபோது பேனை அழுத்திய தடம் மெல்லத் தெரிந்தது. பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். கருமைக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக இலக்கங்கள் எழும்பின. அப்படி ஒன்பது நாள் தேய்த்தேன். வெயில் சரிந்து விழுகிற காலை நேரம்தான் அதற்குத் தோது. இருபத்தேழு வீடுகள் திரும்பி வந்தன. பதினொன்று வரவில்லை. அவற்றில் பெயர்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தன. மற்றதெல்லாம் அழுத்தமில்லாமல் எழுதப்பட்டிருந்தது.

கொழும்புக்குப் பேசினேன். கார்பன் விடயத்தை மறைக்காமல் சொன்னேன். அந்த உத்தியோகத்தர் குறை சொல்லவில்லை.

"பதினொண்டுதானே மிஸ். ஆக்களிட்டப் போய்க் கேட்டு நிரப்புங்கோ. ஆனா ஒண்டு, இப்ப இருக்கிறதை எழுதக் கூடாது. அந்தத் திகதியில என்ன இருந்ததோ அதைத்தான் எழுத வேணும். இல்லாட்டி மற்றதுகளோட பொருந்தாது."

"ஆள் செத்துப்போயிருந்தா?"

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. "அண்டைக்கு உயிரோட இருந்தவரெண்டால் உயிரோடதான்."

இரண்டு நாளில் தந்தியும் வந்தது. அன்றைக்கு இருந்தபடி எழுதவும்.

நானே போவதாகச் சொன்னேன். பிழை என்னுடையது. காலை பஸ்ஸில் கிண்ணியாத் துறைக்குப் போய், பஸ்ஸையும் சைக்கிள்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றிக் கடக்கும் மிதவையில் ஏறினேன். அங்கே அதைப் பாதை என்பார்கள். அப்பால் இறங்கி, கடல்நீர் தேங்கும் களப்பின் ஒரு கையைத் தோணியில் கடந்தால் குறிஞ்சாக்கேணி. கிராம சேவகரை அங்கே எல்லாரும் இன்னும் விதானையார் என்றுதான் அழைத்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர். நான் அனுப்பிய பெயர்களைப் பார்த்து ஆட்களை அழைத்து வைத்திருந்தார். அவர் வீட்டு விறாந்தையில் மேசை போட்டு, மத்தியானத்துக்கு முன் பத்துப் பேரின் விபரத்தை எழுதி முடித்தேன். யாரும் ஏன் மறுபடி என்று கேட்கவில்லை. அரசாங்கம் ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பது அவர்களுக்குப் பழக்கமாக இருந்தது.

"மற்ற ஆள்?" என்றேன்.

விதானையார் பேனையை மூடினார். "அவரு மவுத்தாகி ரெண்டு மாசம் மிஸ். வயலுக்குள்ள பாம்பு தீண்டினது. பொஞ்சாதி இத்தாவில இரிக்கா. புருசன் மவுத்தானா நாலு மாசம் பத்து நாளைக்கு வெளி ஆம்பிளைகளுக்கு முன்னால வர ஏலா. நான் போய்க் கேக்கேலா. நீங்க பொம்பிளதானே, உள்ள போகலாம்."

ஒழுங்கையைக் காட்டிவிட்டு அவர் வெளியிலேயே நின்றுகொண்டார். கிடுகு வேலிக்குள் சின்னக் கல்வீடு. மூதூரிலிருந்து வந்து மகளுக்குத் துணையிருந்த தாய் என்னை உள்ளே கூட்டிப் போனா. நடு அறையின் கதவில் தடித்த சீலை தொங்கியது. அதை விலக்கியதும் கண் பழகச் சற்று நேரம் எடுத்தது. வெள்ளைச் சேலையில் ஓர் இளம் பெண் பாயில் இருந்தா. இருபத்தைந்துக்கு மேல் இராது. பக்கத்தில் சேலைத் தொட்டிலில் ஒரு குழந்தை தூங்கியது.

"இரிங்க அக்கா" என்று பாயின் ஓரத்தைத் தட்டினா.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். கொழும்பில் நடந்ததை, நாடா கெட்டதை, என் கார்பனைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டா. அவ கணவர் அந்தப் படிவத்துக்குப் பதில் சொன்ன நாளை அவவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"வாசல்ல கதிர போட்டு இருந்து சொன்னாரு. நான் குசினிக்குள்ளயிருந்து கேட்டுக்கிட்டு இருந்தன்."

"அப்ப இருந்தபடி சொல்ல வேணும் தங்கச்சி. இப்ப உள்ளபடி எழுதக் கூடாதெண்டு உத்தரவு."

அவ தொட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டு என் பக்கம் திரும்பினா.

"அப்ப அந்த மெசினுக்குள்ள அவரு உசிரோடயா இரிப்பாரு?"

"பதிவில இருப்பார்" என்று மட்டும் சொன்னேன்.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா. பிறகு, "கேளுங்க" என்றா.

வயது கேட்டேன். முப்பத்திநாலு என்றா. பிறகு விரல்களில் எண்ணி, "இல்ல, அப்ப முப்பத்திமூணு" என்று திருத்தினா. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"அவரு, நான், மூத்தவன், ரெண்டாவது. நாலு." தொட்டிலைத் திரும்பிப் பார்த்தா. "இண்டைக்கும் நாலுதான் அக்கா. அவரு போயிட்டாரு, இவ வந்திட்டா. அவரு மவுத்தான நேரம் இவளுக்கு நாப்பது நாள்."

நாலு என்று எழுதினேன். காணி இரண்டரை ஏக்கர், பெர்மிட், குளத்துத் தண்ணீர். எருமை எத்தனை என்று கேட்டபோது அவ பாயின் ஓரத்தைக் கிள்ளத் தொடங்கினா.

"ஞாபகம் இல்லையோ?"

"ஞாபகம் இரிக்கி. அவரு ஆறெண்டு சொன்னாரு. எங்கள்ட்ட இருந்தது அஞ்சு. மத்தது அவருட காக்காட. வந்த ஐயாக்கு முன்னால கொஞ்சம் கூட்டிச் சொன்னாரு." அண்ணனைத்தான் அவர்கள் காக்கா என்பார்கள். "எதை எழுதப்போறீங்க?"

உண்மையில் எனக்கும் தெரியவில்லை. இருந்ததை எழுதச் சொன்னார்கள். சொன்னது ஆறு. இருந்தது ஐந்து. இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி இல்லை.

"நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அந்த அறையில் அப்போது முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. வாசலில் நின்ற தாய் என்னவோ என்று எட்டிப் பார்த்தா.

"ஆறெண்டே எழுதுங்க அக்கா. அவரு சொன்னதத்தானே நீங்க தொலச்சீங்க."

ஆறு என்று எழுதினேன். அழுத்தி எழுதினேன். கையெழுத்து இடும் இடத்தில் 'மனைவியின் வாக்குமூலப்படி' என்று குறித்தேன்.

வேலை முடிந்துவிட்டது. எழும்ப நினைத்தேன். அவ என் கையைப் பிடித்து, "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். ஒருத்தரும் வாறல்ல. வாற பொம்பிளைகளும் அழுதிட்டுப் போறாங்க. கதைக்க ஆளில்ல" என்றா. நான் இருந்தேன். குழந்தை எழும்பியது. அதை எடுத்து என் மடியில் வைத்தா. அதன் தலை என் முழங்கையில் சூடாகக் கிடந்தது. என் ஊர், வீடு, எல்லாவற்றையும் கேட்டா. தம்பியைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன்.

"இப்ப வீட்டில எத்தின பேரு?" என்று கேட்டா. நான் அவவிடம் கேட்ட அதே கேள்வி.

"நான் மட்டும்தான்."

அவ கப்பைக் கீழே வைத்தா. "எனக்கு நாலு மாசம் பத்து நாள் அக்கா. அதுல பாதிய முடிச்சிட்டன். உங்களுக்கு எத்தின நாளு?"

குத்திக் கேட்டதல்ல. அவ முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தன்னைப்போல ஓர் அறைக்குள் இருக்கிற ஒருத்தியிடம் விசாரித்ததுதான். குழந்தையின் உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து விதானையார் தொண்டையைச் செருமினார். தோணிக்கு நேரமாகிவிட்டது.

திரும்பிப் போகும்போது மிதவைப் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அசையவே இல்லை. எனக்கு எத்தனை நாள்? அதை எனக்கு யார் விதித்தது? அந்தக் கேள்வியோடு பல கிழமைகள் இருந்தேன். கந்தோரில் ஒரு மாற்றம் மட்டும் செய்தேன். மத்தியானச் சாப்பாட்டை என் அறையில் சாப்பிடாமல் பெரிய மண்டபத்துக்கு எடுத்துப் போகத் தொடங்கினேன். முதல் நாள் எல்லாரும் கதையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் நிறுத்தவில்லை. அவர்கள் கதைக்கிற பாதி விடயம் எனக்கு விளங்காது. ஆனாலும் போய் இருந்தேன்.

தாள்கள் எல்லாம் கொழும்புக்குப் போய், நாலைந்து மாதத்தின் பின் ஒரு பெட்டி வந்தது. கம்ப்யூட்டர் அச்சடித்த பட்டியல். இரண்டு ஓரமும் துளை போட்ட அகலக் கடதாசி, ஒன்றோடொன்று ஒட்டி மடிந்து மடிந்து வந்தது. இரண்டு நாடாக்களையும் இப்போது வேறு வேறு கட்டடத்தில் வைத்திருப்பதாக அந்த உத்தியோகத்தர் ஒரு துண்டில் எழுதி, "நன்றி மிஸ்" என்று கையொப்பம் இட்டிருந்தார். நான் முதலில் தேடியது குறிஞ்சாக்கேணியை. அந்தப் பெண்ணின் கணவர் பெயர் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது, கடைசி எழுத்து இடம் போதாமல் வெட்டுப்பட்டு. முப்பத்துமூன்று. நாலு. இரண்டரை. ஆறு.

அரசாங்கக் கடதாசியைக் கிழிக்கக் கூடாது. அந்த ஒரு வரியை வெள்ளைத் தாளொன்றில் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டேன். சில நாள் கழித்து விதானையார் வேறு அலுவலாகப் பட்டினத்துக்கு வந்தபோது விசாரித்தேன். பெர்மிட் அவ பெயருக்கு மாறிவிட்டது, கணவரின் காக்காதான் விதைத்துக் கொடுக்கிறார், அவ இத்தா முடிந்து பிள்ளைகளோடு மூதூரில் உம்மா வீட்டில் இருக்கிறா என்றார். பள்ளிவாசலுக்குப் பின் ஒழுங்கை என்று வழியும் சொன்னார்.

இரண்டு ஞாயிறு போகவில்லை. போவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதுதான் தடை. எந்தக் கந்தோரும் என்னை அனுப்பவில்லை. மூன்றாம் ஞாயிறு காலையில் ஜெட்டிக்குப் போய் மூதூர் போகிற லோஞ்சுப் படகில் ஏறினேன். ஒரு பை தோடம்பழம் வாங்கியிருந்தேன்.

அவ முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தா. பூப்போட்ட சேலை. வெளிச்சத்தில் பார்க்க வேறு ஆள்போல இருந்தா. என்னை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்தது. பிறகு "உம்மா, எருமை எழுதின அக்கா வந்திருக்காங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினா. நான் தாளைக் கொடுத்தேன். ஆங்கிலம் தெரியாதென்று என்னிடமே திருப்பித் தந்து, "வாசிங்க" என்றா. வாசித்தேன். நின்றபடி கேட்டா. முடிந்ததும், "பாருங்க, கொழும்பும் நம்பிட்டுது" என்று மட்டும் சொல்லி, தாளை வாங்கி நாலாக மடித்து, அவருடைய அடையாள அட்டை இருந்த பெட்டிக்குள் வைத்தா. அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

மத்தியானம் அங்கேயே சாப்பிட்டேன். மீன் ஆணமும் சோறும். மூத்தவன் தோடம்பழத் தோலை எல்லாம் எண்ணி அடுக்கினான். குழந்தை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தது. என் சேலையைப் பிடித்து நின்றது, விழுந்தது, மறுபடி பிடித்தது. அவ தையல் வேலை எடுத்திருப்பதாகவும், அடுத்த போகத்துக்குக் குறிஞ்சாக்கேணிக்கே திரும்பிப் போகப் போவதாகவும் சொன்னா. புறப்படும்போது "வருவீங்களா?" என்று கேட்டா. "வருவன்" என்றேன். சொன்னபடி நானும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு போனேன், மாற்றல் வரும் வரைக்கும்.

அன்று பின்னேர லோஞ்சில் கூட்டம் குறைவு. கொட்டியாரக் குடாவில் காற்று கிளம்பி முகத்தில் உப்புத் தெறித்தது. பக்கத்தில் மடியில் கோழிக்கூடையோடு இருந்த ஒரு வயதான அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "எங்க போயிட்டு வாறீங்க பிள்ளை?" என்று கேட்டா.

"சொந்தக்காரர் வீட்டுக்குப் போட்டு வாறன்" என்றேன்.

அவ தலையாட்டினா. தன் மகள் மூதூரில் கலியாணம் கட்டியிருக்கிற கதையைச் சொல்லத் தொடங்கினா. நான் கேட்டுக்கொண்டு வந்தேன். திருகோணமலை ஜெட்டியில் லோஞ்சு அணையும்போதும் அந்தக் கதை முடிந்திருக்கவில்லை. அவவுடைய கூடையின் ஒரு பக்கத்தை நான் பிடிக்க, இரண்டு பேருமாக இறங்கி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தோம்.